கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதையல் வேட்டை

கல்லறைத் தோட்டத்தில் விளையாடலாமா? கேட்டவுடனேயே "சேச்சே, கூடாது" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு மாநிலச் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. காரணம், ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டு.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதலாம். உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டால் அதற்குச் சமமான வேறு ஒன்றை வைத்துவிட வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவ்வளவுதான் விளையாட்டு! பரிசு கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாமல் பக்கத்தில் நடந்து போகிறவர்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் "மகிள்". ஹாரி பாட்டர் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இது ஆரம்பித்த கதை சுவாரஸ்யமானது. ஜிபிஎஸ் என்பது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லா ஜிபிஎஸ் கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை!

மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பக்கெட்டைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா. எண்ணை இணையக் குழு ஒன்றில் போட்டார். சில நாட்களுக்குள் ஆட்கள் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மாதம் முடிவதற்குள் "ஜியோகேச்சிங்" என்ற பெயரும் வந்துவிட்டது. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்றே ஒரு இணையதளம் தொடங்கினார்.

முழுக்கப் புதிய யோசனை என்று சொல்லிவிட முடியாது. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல் வெளியில், கிரான்மியர் பூல் என்ற எளிதில் போக முடியாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார். கஷ்டப்பட்டு அங்கே வரை நடந்து போனவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வருவார்கள். "நானும் இங்கே வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் ஆசை மனிதனுக்கு எப்போதும் உண்டு போல.

1854 என்ற வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரப்போகிறது.

சரி, கல்லறைக்கு வருவோம். ஜியோகேச்சிங் ஆட்கள் எதற்காகக் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போனார்கள்? பேய்க் கதை ஆசை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. பழைய கல்லறைத் தோட்டம் என்பது எண்கள் நிறைந்த இடம். பிறந்த வருடம், இறந்த வருடம், வயது எல்லாம் கல்லில் வெட்டப்பட்டு, மாறாமல் நிற்கின்றன. அதனால் இப்படி ஒரு வகைப் புதிர் வந்தது: கல்லறைத் தோட்டத்துக்குள் எந்த டப்பாவும் இருக்காது. "இன்னாருடைய கல்லில் இறந்த வருடத்தின் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள், பக்கத்துக் கல்லில் இருக்கும் குழந்தையின் வயதைக் கூட்டிக்கொள்" என்று குறிப்புகள் மட்டும் இருக்கும். விடையாக வரும் எண்கள்தான் உண்மையான டப்பா இருக்கும் இடம். அது வெளியே எங்கேயாவது, வேலிக்கு அப்பால் இருக்கும்.

இதில் ஒரு நல்ல விஷயம் கவனித்தீர்களா? கருவியின் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது. ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறலாம். ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஐந்து மீட்டருக்குள் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். ஆகவே விளையாடுகிறவர் குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் படித்தே ஆக வேண்டும். நூறு வருடமாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயரை யாரோ ஒரு கல்லூரிப் பையன் வாய்விட்டுப் படிக்கிறான். தேடி வரச் சொந்தக்காரர்கள் இல்லாத கல்லறைக்கு இதைவிடப் பெரிய வருகை எது?

எதிர்த் தரப்புக்கும் நியாயம் உண்டு. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்பது நிச்சயமில்லை. டப்பாவைக் கல்லறைக் கல்லின் இடுக்கில் சொருகினால், தேடுகிறவர்கள் எல்லாக் கல்லையும் அசைத்துப் பார்ப்பார்கள். நூற்றைம்பது வருடத்துப் பளிங்குக் கல் ஒரு தள்ளுக்குத் தாங்காது. எழுத்து தெரியவில்லை என்று ஷேவிங் கிரீம் பூசிப் படிக்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக எழுத்து எழும்பி வரும். ஆனால் அதில் இருக்கும் ரசாயனம் கல்லுக்குள் இறங்கி நாளடைவில் அரித்துவிடும். கல் பராமரிப்பு தெரிந்தவர்கள் கிரீம், கம்பி பிரஷ், பிளீச் மூன்றையும் கிட்டே கொண்டுபோகாதே என்கிறார்கள். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்தாலே எழுத்து தெரியும். செலவும் இல்லை, சேதமும் இல்லை.

2005இல் தென் கரோலினா மாநிலத்தில் விவகாரம் முற்றியது. கல்லறைகளிலும் தொல்லியல், வரலாற்று இடங்களிலும் அனுமதி இல்லாமல் ஜியோகேச்சிங் விளையாடுவது குற்றம் என்று ஒரு மசோதா வந்தது. விளையாட்டுக்காரர்கள் தாங்களே இணையத்தில் போட்டிருந்த கல்லறைப் படங்களையே எடுத்து, "பாருங்கள் இவர்கள் செய்யும் காரியத்தை" என்று காட்டினார்கள். தன் கையாலேயே தனக்கு எதிராகச் சாட்சி! மசோதா கீழ்சபையில் நிறைவேறியது. மேல்சபையில் நிறைவேறாமல் அப்படியே நின்றுபோனது. சட்டமாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த விளையாட்டின் ஒழுங்குமுறைகளைப் பற்றிய பேச்சு மாறியது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், டப்பா வைக்கத் தோண்டக் கூடாது என்ற விதிகளைச் சும்மா பேச்சுக்கு வைத்திருக்க முடியாது என்று எல்லோருக்கும் புரிந்தது.

அப்படியானால் கல்லறைகளுக்கு ஆபத்து விளையாட்டுக்காரர்களால்தானா? இங்கேதான் ஓரிகனுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. உல்மர் பக்கெட் வைத்த இடத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், போர்ட்லாந்து நகரத்துக்குள், லோன் ஃபர் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வடக்கு 45 டிகிரி 31 நிமிடம், மேற்கு 122 டிகிரி 38 நிமிடம். அதன் கதை இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறது.

ஓரிகனில் முன்னோடிகள் காலத்து "வரலாற்றுக் கல்லறை" என்பதற்குச் சட்டத்திலேயே இலக்கணம் உண்டு. 1909 பிப்ரவரி 14க்கு முன்பு இறந்த ஒருவராவது அங்கே புதைக்கப்பட்டிருக்க வேண்டும். (காதலர் தினத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓரிகன் 1859 பிப்ரவரி 14 அன்று மாநிலமானது. அதிலிருந்து சரியாக 50 வருடம்.) முன்னோடிகள் என்றால் 1840களிலிருந்து மாட்டு வண்டிகளில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மேற்கே வந்த வெள்ளைக் குடியேறிகள். 1850இல் வந்த ஒரு சட்டம் திருமணமாகாத ஆணுக்கு 320 ஏக்கர், கணவன் மனைவிக்குச் சேர்த்து 640 ஏக்கர் என்று இலவசமாகக் கொடுத்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "முன்னோடி" என்ற பெருமையான வார்த்தைக்குப் பின்னால் அது இருக்கிறது.

லோன் ஃபரின் முதல் கல்லறை 1846இல் வந்தது. எம்மர் ஸ்டீபன்ஸ் என்ற முதியவர் இறந்தபோது, மகன் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ் தன் பண்ணையிலேயே அப்பாவைப் புதைத்தார். பிறகு நிலத்தை கோல்பர்ன் பேரல் என்பவருக்கு விற்றார். ஒரே ஒரு நிபந்தனை: அப்பாவின் கல்லறையைப் பராமரிக்க வேண்டும்.

பேரல் பங்குதாரராக இருந்த தொழில்களில் ஒன்று "கஸெல்" என்ற நீராவிக் கப்பல். 1854 ஏப்ரல் 8, வில்லாமெட் ஆற்றின் கானிமா துறையில் நின்றுகொண்டிருந்தபோதே அதன் பாய்லர் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைமை எஞ்சினியரின் அலட்சியம்தான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. இறந்தவர்களில் கிராஃபோர்ட் டாபின்ஸ், டேவிட் ஃபுல்லர் என்ற இருவரை, எம்மர் ஸ்டீபன்ஸ் பக்கத்திலேயே பேரல் அடக்கம் செய்தார். அடுத்த வருடம், 1855இல், அந்த இடத்தையே கல்லறைத் தோட்டமாக ஒதுக்கி, டாபின்ஸ் நினைவாக "மவுண்ட் கிராஃபோர்ட்" என்று பெயர் வைத்தார். 1866இல் அது கைமாறியபோது, அங்கே தனியாக நின்ற ஒரு ஃபர் மரத்தை வைத்து "லோன் ஃபர்" என்று பெயர் மாறியது. பெயருக்குக் காரணமான மரம் இன்னும் நிற்கிறது. ஆனால் தனியாக இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மரங்கள்!

வணிகவியல் படிக்கும் நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். கல்லறைத் தோட்டம் ஒரு விசித்திரமான வியாபாரம். இடத்தை ஒரே ஒரு முறைதான் விற்க முடியும். பராமரிப்புச் செலவோ முடிவே இல்லாதது. விற்றவுடன் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலாகப் போட்டு, வட்டியில் புல் வெட்டினால்தான் கணக்கு நேராகும். அந்த நிதியை ஒதுக்காத பழைய தோட்டங்கள் எல்லா இடம் விற்று முடிந்த அன்றே நஷ்டக் கணக்கில் விழுந்துவிடும். லோன் ஃபரும் அந்த மாதிரிதான் நலிந்தது. 1928 வாக்கில் அது மல்ட்னோமா கவுண்டி நிர்வாகத்தின் கைக்கு வந்துவிட்டது.

இன்று அந்த முப்பது ஏக்கர் சொச்ச நிலத்தில் 25,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். போர்ட்லாந்துக்குப் பெயர் வைத்த கதையில் வரும் ஏசா லவ்ஜாய் அங்கேதான் இருக்கிறார். 1845இல் அவருக்கும் பிரான்சிஸ் பெட்டிகுரோவுக்கும் ஊர்ப் பெயரில் தகராறு. இவருக்கு பாஸ்டன், அவருக்குப் போர்ட்லாந்து. காசு சுண்டிப் பார்த்தார்கள், லவ்ஜாய் தோற்றார். முன்பு சொன்ன ஜேம்ஸ் ஸ்டீபன்ஸும் மனைவி எலிசபெத்தும் ஒரே கல்லில் கைகோத்து நிற்கிற மாதிரிச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்த காலம் எத்தனை வருடம், எத்தனை மாதம், எத்தனை நாள் என்பதுகூடக் கல்லின் பின்பக்கத்தில் கணக்காக இருக்கிறது. எண் தேடும் விளையாட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல கல் கிடைக்காது!

ஆனால் 25,000 பேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாது. கல் இல்லை, அல்லது பதிவு இல்லை.

சாரிட்டி லாம்ப் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1852இல் கணவர், குழந்தைகளோடு வண்டிப் பாதையில் ஓரிகன் வந்து சேர்ந்தவர். அதாவது பெருமையாகச் சொல்லப்படும் அதே முன்னோடிதான். கணவர் அடித்துத் துன்புறுத்தினார், கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று விசாரணையில் சாட்சி சொன்னார்கள். 1854 மே மாதம், கஸெல் வெடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கணவரைக் கோடாலியால் தாக்கினார், அவர் இறந்துபோனார். ஆயுள் தண்டனை. ஓரிகனில் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட முதல் பெண் இவர். சிறையில் துணி துவைத்து வருடங்கள் போயின. 1862இல் டாக்டர் ஜேம்ஸ் ஹாதார்ன் நடத்திய மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, 1879இல் அங்கேயே இறந்தார்.

ஹாதார்ன் நல்ல மனிதர். கேட்பாரற்ற நோயாளிகள் இறந்தால் தன் செலவில் லோன் ஃபரில் அடக்கம் செய்தார். அப்படி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 1881இல் அவரும் அதே தோட்டத்துக்கு வந்தார். அவருக்குக் கல் உண்டு, நகரத்தில் அவர் பெயரில் ஒரு பெரிய சாலையும் உண்டு. நோயாளிகளுக்கு அடையாளம் இல்லை. சாரிட்டி லாம்பும் அவர்களோடுதான் இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

இன்னொரு மூலை, 14ஆம் பிளாக். சீனத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். ரயில் பாதை போட்டவர்கள், மீன் டப்பா ஆலைகளில் வேலை செய்தவர்கள், சலவைக் கடை வைத்திருந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே புதைத்தார்கள். 1882இல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே தடை செய்தது. குடியுரிமை கிடையாது, குடும்பத்தைக் கூட்டி வர வழி இல்லை. அதனால் பலருக்கு இது தற்காலிகக் கல்லறைதான். சில வருடங்கள் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, பெட்டியில் வைத்து, ஹாங்காங் வழியாகச் சொந்த ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். ஊர் மண்ணில் போய்ச் சேராத ஆவிக்கு நிம்மதி இல்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வரவில்லை.

1940களின் கடைசியில் கவுண்டி நிர்வாகம் அந்த மூலையைத் தன் உபயோகத்துக்கு எடுக்க முடிவு செய்தது. மிச்சம் இருந்த உடல்களைத் தோண்டி எடுத்து அனுப்பிவிட்டதாகக் கணக்கு முடித்தார்கள். பிறகு அதன் மேலே ஒரு அலுவலகக் கட்டடமும், வண்டிகள் நிறுத்தும் இடமும் வந்தன. ஐம்பது வருடங்கள் கார்கள் அங்கே நின்றன.

2000களின் நடுவில் நிலத்தை விற்கும் பேச்சு வந்தபோது, சீன வம்சாவளி மக்களும் உள்ளூர்க்காரர்களும் "கீழே எல்லோரையும் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். தொல்லியலாளர்கள் குழி தோண்டிப் பார்த்தார்கள். மனித எச்சங்கள் இருந்தன. கணக்கு முடித்தது காகிதத்தில் மட்டும்தான்.

தேதிகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். தென் கரோலினாவில் டப்பா தேடிப் போகிறவர்களிடமிருந்து கல்லறைகளைக் காப்பாற்ற மசோதா கொண்டுவந்த அதே காலகட்டத்தில்தான், இங்கே அரசு நிர்வாகமே கல்லறை மேல் கட்டிய கட்டடத்தின் கதை வெளியே வந்தது. விளையாட்டுக்காரன் ஒரு கல்லைச் சாய்த்தால் அது தவறு, தண்டிக்கலாம். ஆனால் ஒரு மூலையையே வரைபடத்திலிருந்து அழிக்க அவனால் முடியாது. அதற்கு அலுவலகம் வேண்டும், கையெழுத்து வேண்டும், ரப்பர் ஸ்டாம்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும்.

அதற்காக யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் டப்பா வைக்கலாம் என்று ஆகிவிடாது. அடக்கம் இன்னும் நடந்துகொண்டிருக்கும் தோட்டத்தில், அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒருவன் கருவியோடு சுற்றினால் அது அசிங்கம்தான். அனுமதி வாங்கி, டப்பாவை வெளியே வைத்து, கல்லைப் படிக்க மட்டும் உள்ளே அனுப்பும் முறை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தி வருகிறது. இதே முறையில் பிரிட்டனில் "சர்ச் மைக்ரோ" என்று தேவாலயங்களைச் சுற்றி ஒரு வரிசையே வளர்ந்து, ஆயிரக்கணக்கில் போய்விட்டது.

ஆனால் அந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. கல் இருப்பவர்களிடம் மட்டும்தான் அது கூட்டிக்கொண்டு போகும். லவ்ஜாயிடம் போகும், ஸ்டீபன்ஸ் தம்பதியிடம் போகும். 14ஆம் பிளாக்கில் எந்த இலக்கத்தை எடுத்துக் கூட்டுவது?

14ஆம் பிளாக்கின் மேல் இருந்த கட்டடம் இடிக்கப்பட்டது. 2007இல் அந்த மூலை, இப்பகுதியின் 14 முன்னோடிக் கல்லறைகளைப் பராமரிக்கும் மெட்ரோ என்ற வட்டார அரசிடம் வந்தது. லோன் ஃபர் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்ததும் அதே வருடம்தான். 2019 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பூங்கா நிதிப் பத்திரத்தில், அந்த மூலையில் ஒரு நினைவுத் தோட்டம் அமைக்க 40 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. சீனத் தொழிலாளர்களுக்காக மட்டும் அல்ல, ஹாதார்னின் நோயாளிகளுக்காகவும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட தோட்டம் அது. சாரிட்டி லாம்பும் அதில் அடக்கம்.